ஃபிஸ்டுலா ஆபரேஷனுக்கு முன்னால் கைப்பயிற்சி: நான் செய்ததும் பார்த்ததும்

எங்கள் டயாலிசிஸ் யூனிட்டுக்குப் புதிதாக யாராவது வந்தால், சிஸ்டர்கள் என் கட்டிலைக் காட்டி, "அந்த அக்காகிட்ட கேளுங்க, ஆபரேஷனுக்கு முன்னாடியே பந்து பிசைஞ்சவங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். கைக்குப் பயிற்சி செய்தால் ஃபிஸ்டுலா நன்றாக அமையுமா? எப்போது ஆரம்பிக்க வேண்டும்? எப்படிச் செய்வது? ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதை விட எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் இல்லை. திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறேன். நீண்ட நாள் சர்க்கரை, அதோடு ரத்தக்கொதிப்பு. இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கொண்டுபோய்விட்டன.

முதலில் இந்த ஆபரேஷன் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போட்டு ஆபரேஷன் முடிந்த பிறகும் இது விளங்காதவர்களை நிறையப் பார்க்கிறேன்.

தோலுக்கு அடியில் பச்சையாகத் தெரிகிறதே, அது சிரை. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிற குழாய். சுவர் மெல்லிசு, அழுத்தம் குறைவு. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவருகிற தமனி ஆழத்தில் இருக்கிறது, அதில் அழுத்தம் அதிகம். டயாலிசிஸ் மெஷின் நிமிடத்துக்கு 300 மில்லி அளவுக்கு ரத்தத்தை வெளியே இழுத்து, சுத்தம் செய்து, திரும்ப உள்ளே அனுப்ப வேண்டும். சாதாரணச் சிரையில் அந்த ஓட்டம் கிடைக்காது. தமனியில் கிடைக்கும், ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அதில் பெரிய ஊசியைக் குத்திக்கொண்டிருக்க முடியாது. அதனால் இரண்டையும் ஓரிடத்தில் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். தமனியின் வேகம் சிரைக்குள் பாய, அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துத் தடித்து, ஊசி தாங்குகிற குழாயாக மாறுகிறது. அதுதான் ஃபிஸ்டுலா. 1966இல் அமெரிக்காவில், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலிருந்த ராணுவ வீரர்களுக்கான மருத்துவமனையில் பிரெசியா, சிமினோ என்ற மருத்துவர்களும் அவர்களுடைய குழுவும் இந்த முறையைப் பற்றி எழுதினார்கள். அதற்கு முன்னால் 1960 வாக்கில் சியாட்டிலில் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் கொண்டுவந்த பிளாஸ்டிக் குழாய்தான் வழி. கைக்கு வெளியே எந்நேரமும் தொங்கிக்கொண்டிருக்கும். அதோடு ஒப்பிட்டால் நம் பாடு எவ்வளவோ தேவலை.

இரண்டையும் சேர்த்துத் தைப்பதற்கே சிரை ஓரளவு பருமனாக இருக்க வேண்டும். மணிக்கட்டில் செய்வதென்றால் தமனியும் சிரையும் 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று பார்க்கிறார்கள். சிரை 2.5 இருந்தால் இன்னும் நல்லது என்பார்கள். இந்த இடத்தில்தான் எனக்குச் சிக்கல் வந்தது. பெண்களுக்குப் பொதுவாகவே குழாய் சிறியதாக இருக்கும். சர்க்கரை இருந்தால் அது தனிக் கஷ்டம்.

எனக்கு சிறுநீரகத்தின் வேலைத்திறன் (eGFR என்கிற அளவு) 20க்குக் கீழே வந்ததுமே கிட்னி டாக்டர் மதுரைக்கு ஒரு வாஸ்குலர் சர்ஜனிடம், அதாவது ரத்தக்குழாய் ஆபரேஷன் செய்கிறவரிடம், அனுப்பிவிட்டார். "உப்பு இன்னும் அவ்வளவு ஏறலையே, அதுக்குள்ள எதுக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். ரத்தத்தில் கிரியேட்டினின் என்கிற கழிவின் அளவைத்தான் நாங்கள் உப்பு என்போம். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: ஆபரேஷன் முடிந்து ஊசி போடுகிற நிலைக்கு வரவே குறைந்தது ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். சிலருக்கு நாலைந்து மாதம்கூட இழுக்கும். முதல் தடவை சரியாக அமையவில்லை என்றால் மறுபடி செய்ய வேண்டும். மூச்சு வாங்கி, கால் வீங்கி வந்து படுத்தால் கழுத்தில் குழாய் போடுவதைத் தவிர வழியில்லை. கழுத்துக் குழாய் என்றால் கிருமி ரத்தத்துக்குள்ளேயே நேராகப் போகிற வாசல் ஒன்றைத் திறந்து வைத்த கதை. தலைக்குக் குளிக்க முடியாது, குளிர் ஜுரம் வந்தால் பதறிக்கொண்டு ஓட வேண்டும். இந்தப் பேச்சைக் கேட்டபிறகு வீட்டுக்காரரே பஸ்ஸுக்கு நேரம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மதுரையில் சர்ஜன் கையில் ரப்பர் பட்டை கட்டி, தட்டிப் பார்த்து, குழாயின் பருமனையும் ரத்த ஓட்டத்தையும் பார்க்கிற டாப்ளர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். இடது கை மணிக்கட்டில் சிரை 1.8 மில்லிமீட்டர். தமனி பரவாயில்லை. "இப்பவே செஞ்சாலும் செய்யலாம்மா. ஆனா ஓடுமான்னு உறுதியாச் சொல்ல முடியாது. முழங்கைகிட்ட செஞ்சா பெரிய குழாய் கிடைக்கும், ஆனா அதை முதல்லயே எடுத்துட்டா நாளைக்கு அடுத்த இடம் குறைஞ்சு போயிடும். உங்களுக்கு இன்னும் டைம் இருக்கு. ரெண்டு மாசம் கைக்கு எக்சர்சைஸ் பண்ணிட்டு வாங்க, திரும்ப ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்" என்றார். அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது "டைம் இருக்கு" என்பதுதான். கைப்பயிற்சி எல்லாம் முன்கூட்டியே வந்தவர்களுக்குக் கிடைக்கிற சௌகரியம்.

பந்தைப் பிசைந்தால் ரத்தக்குழாய் எப்படிப் பெருக்கும் என்று அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் கேட்டேன். ரத்தம் எடுக்கும்போது கையை மூடித் திறக்கச் சொல்வார்களே, அந்தச் சங்கதிதான் என்றாள். முன்கைத் தசை வேலை செய்தால் அதற்கு ரத்தம் அதிகம் வேண்டும். தமனியில் ஓட்டம் கூடுகிறது. வேகமாக ஓடும் ரத்தம் குழாயின் உட்சுவரை உரசுகிறது. உரசல் பட்டதும் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருளைச் சுரக்கிறது, குழாய் தளர்ந்து விரிகிறது. தசை இறுகும்போதெல்லாம் உள்ளே இருக்கும் ரத்தம் தோலுக்கு அடியில் இருக்கும் சிரைக்குத் தள்ளப்பட்டு அதுவும் புடைக்கிறது. அன்றைக்கு விரிந்தது அன்றைக்கே அடங்கிவிடும். வாரக்கணக்கில் தினமும் நடந்தால் அந்த விரிவில் கொஞ்சம் நிரந்தரமாகத் தங்கும் என்பதுதான் கணக்கு.

இனி செய்முறை. எனக்குச் சொன்னது இது. எல்லாருக்கும் இதேதான் சொல்வார்கள் என்றில்லை, ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் மாறும்.

எந்தக் கையால் அதிகம் வேலை செய்வதில்லையோ அந்தக் கையில்தான் வழக்கமாக ஃபிஸ்டுலா போடுவார்கள். எனக்கு இடது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடது கையைத் தொடைப் பக்கமாகத் தொங்கவிட வேண்டும். கை இதயத்துக்குக் கீழே இருந்தால்தான் சிரை நிரம்பும். பந்தை உள்ளங்கையில் வைத்து ஐந்து விரலாலும் இறுக்கி, மூன்று எண்ணும்வரை பிடித்து, முழுக்க விட வேண்டும். பாதி விட்டுவிட்டு மறுபடி இறுக்கக்கூடாது. ஒரு வேளைக்குப் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு நான்கு வேளை. குளிர்ந்த நாளில், ஆரம்பிக்கும் முன் கையைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கச் சொன்னார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு உணர்ச்சி குறைவாக இருக்கும், அதனால் தண்ணீரின் சூட்டை வீட்டில் வேறு யாராவது தொட்டுப் பார்த்துச் சொல்வது நல்லது.

பந்தோடு சேர்த்து முழங்கையை மடக்கி நீட்டுகிற பயிற்சியும் உண்டு. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மடக்கி, மெதுவாக இறக்க வேண்டும். பழகினால் ஒரு லிட்டர் பாட்டில். விரல்களை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பதை விட முழுக் கையும் வேலை செய்வது நல்லது என்று சொன்னார்கள்.

பந்து விஷயத்தில் ஒரு கதை. கடையில் வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே என்று அதை உருட்டி, மேலே ஒரு பனியன் துணியைப் போட்டுத் தைத்து, அழகான பந்து ஒன்று செய்தேன். பார்க்க நன்றாக இருந்தது, பத்துத் தடவை பிசைந்ததும் தோசை மாதிரி தட்டையாகிவிட்டது. பிசியோ பெண் அதைக் கையில் வாங்கிச் சிரித்தாள். அமுக்கினால் திரும்ப விரலைத் தள்ளுகிற பந்தாக இருக்க வேண்டுமாம். மருந்துக் கடையிலோ ஸ்டேஷனரி கடையிலோ கிடைக்கிற ஸ்பாஞ்ச் பந்து போதும். அதில் மஞ்சள் பந்து ஒன்று, சிரிக்கிற முகம் போட்டது, என் கடை மெஷின் மேசையிலேயே கிடந்தது. ஜாக்கெட் வாங்க வருகிறவர்களின் குழந்தைகளெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு ஓடும். இரும்பு ஸ்பிரிங் வைத்த கிரிப்பர் சிலருக்குக் கொடுக்கிறார்கள். எனக்கு விரல் மூட்டில் வலி இருந்ததால் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

முழங்கைக்கு மேலே பட்டை கட்டிக்கொண்டு பந்து பிசைகிற முறையும் ஒன்று இருக்கிறது. ரத்தம் மேலே திரும்பிப் போகாமல் தேங்கி, சிரை இன்னும் புடைக்கும் என்பதற்காக. இதை வீட்டில் நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். டாக்டர் சொன்னால், எவ்வளவு இறுக்கம் என்று அவர்கள் கையாலேயே ஒருதடவை கட்டிக் காட்டச் சொல்லுங்கள். கட்டிய பிறகும் மணிக்கட்டில் நாடி தெரிய வேண்டும். விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ உடனே அவிழ்த்துவிட வேண்டும். எனக்கு விரலில் ஏற்கெனவே மரமரப்பு இருப்பதால் பட்டை இல்லாமலேயே செய்யச் சொன்னார்கள்.

மூச்சை அடக்கக்கூடாது என்பதையும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது நம்மை அறியாமலே மூச்சை அடக்கிவிடுகிறோம். அப்போது பிபி சட்டென்று ஏறும். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணுவேன். எண்ணிக்கொண்டிருந்தால் மூச்சு தானாக வெளியே போகும். பிபி கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், நெஞ்சுவலி உள்ளவர்கள், சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக்கசிவு இருப்பவர்கள் இந்தப் பயிற்சியைக்கூடக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். எனக்குக் கண்ணில் லேசர் செய்திருந்தது. அதனால் கண் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டோம். மெதுவாகச் செய்தால் பரவாயில்லை, முக்கி முனகிச் செய்யாதீர்கள் என்றார்.

"நீ நாள் முழுக்கத் துணி இழுத்துத் தைக்கிற, மாவு பிசையிற, துணி துவைக்கிற. இதுக்கு மேல கைக்கு என்ன எக்சர்சைஸ்?" என்று என் நாத்தனார் கேட்டாள். நியாயமான கேள்விதான். நானும் பிசியோ பெண்ணிடம் கேட்டேன். வீட்டு வேலையில் இறுக்கமும் விடுதலும் ஒழுங்கான தாளத்தில் வராது, பாதி வேலையை வலது கை செய்துவிடும், இடது கை சும்மா பிடித்துக்கொண்டிருக்கும் என்றாள். அப்புறம் நானே மெஷினில் உட்கார்ந்து கவனித்தேன். உண்மைதான். தைக்கும்போது இடது கை துணியை விரித்துத் தடவிக்கொண்டே போகிறது, ஒருதடவைகூட இறுக்கிப் பிடிப்பதில்லை.

பயிற்சியை விட எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. இடது கையை ஊசியிலிருந்து காப்பாற்றுவது.

பந்து பிசைந்து குழாயைப் பெருக்க நாம் பாடுபடுகிறோம். மறுபக்கம் ஒரே ஒரு வென்ஃப்ளான், டிரிப்ஸ் ஏற்றக் கையில் செருகி வைக்கிற ஊசிக்குழாய், அதே குழாயைப் பாழாக்கிவிடும். ஊசி இருந்த இடத்தில் உட்சுவர் புண்ணாகித் தழும்பாகி, குழாய் சுருங்கியோ அடைத்தோ போய்விடும். ஆபரேஷன் செய்யும்போது சர்ஜன் அந்த இடத்தில் வந்து மாட்டிக்கொள்வார். கிட்னி பிரச்சினை என்று தெரிந்த நாளிலிருந்தே ஃபிஸ்டுலாவுக்கென்று வைத்திருக்கும் கையில் ரத்தம் எடுக்கவோ டிரிப்ஸ் போடவோ விடக்கூடாது. அவசியமென்றால் மறு கையின் புறங்கையில் எடுக்கலாம். புறங்கையில் வலி கூடத்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சொல்வது சுலபம். ஆபரேஷனுக்குக் காத்திருந்த நாட்களில் எனக்கு ஜுரம் வந்து ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டு, தூக்கக் கலக்கத்தில் இருந்த என் இடது கையை இழுத்து ஒரு நர்ஸ் தட்டிக்கொண்டிருக்கிறாள். பந்து பிசைந்து பிசைந்து அந்தக் கையில்தான் சிரை பளிச்சென்று தெரிகிறது, பின்னே எங்கே போவாள்? "சிஸ்டர், இதுல வேண்டாம், ஃபிஸ்டுலாவுக்கு வச்சிருக்கு" என்றேன். "ஒரே ஒரு நாளைக்குத்தாம்மா" என்றாள். நான் கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். முணுமுணுத்துக்கொண்டே வலது புறங்கையில் போட்டாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. ராத்திரி டியூட்டியில் ஐம்பது பேரைப் பார்க்கிற பெண். அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, கேஸ் ஷீட்டிலும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சிவப்புத் துணியில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை தைத்தேன். அதில் வெள்ளை நூலால் "இந்தக் கையில் ஊசி வேண்டாம்" என்று எம்பிராய்டரி போட்டேன். வெல்க்ரோ வைத்து, இரண்டு விரல் உள்ளே போகிற அளவுக்குத் தொளதொளவென்று. ரத்தப் பரிசோதனைக்கோ மருத்துவமனைக்கோ போகும்போதெல்லாம் அதைக் கட்டிக்கொள்வேன். வாயால் சொல்லும்போது வாதம் பண்ணுகிறவர்கள், எழுத்தைப் பார்த்தால் பேசாமல் மறு கைக்குப் போகிறார்கள். தைக்கத் தெரியாதவர்கள் மார்க்கர் பேனாவால் கையிலேயே எழுதிக்கொள்ளலாம். அட்மிஷன் போடும்போதே கேஸ் ஷீட்டின் மேலே எழுதச் சொல்லுங்கள். கூட இருப்பவருக்கும் சொல்லி வையுங்கள். மயக்கத்தில் இருந்தால் நாம் எங்கே பேசப் போகிறோம்?

ஒரு குடும்பச் சமாச்சாரமும் உண்டு. இடது கையில் கண்ணாடி வளையல் அடுக்கியிருந்தேன். ஃபிஸ்டுலா வந்த பிறகு அந்தக் கையில் இறுக்கமாக எதுவும் இருக்கக்கூடாது, வளையல், வாட்ச், இறுக்கமான ஜாக்கெட் கை எல்லாம் கூடாது. கை வீங்கினால் வளையலை உடைக்க வேண்டிவரும் என்பதால் முன்னாலேயே கழற்றிவிடச் சொன்னார்கள். "கட்டுக்கழுத்தி கையை மூளியா வச்சுக்கிட்டா நிக்கிறது?" என்று மாமியார் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. பிறகு அவரே வலது கைக்கு இன்னும் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு வந்தார். என் ஜாக்கெட்டுகளில் எல்லாம் இடது கையை நானே பிரித்து அகலப்படுத்திக்கொண்டேன். இப்போது யூனிட்டில் சில பெண்களுக்கும் அப்படித்தான் தைத்துக் கொடுக்கிறேன்.

சரி, பலன் இருந்ததா?

இரண்டாவது ஸ்கேனில் அதே இடத்தில் 2.4 வந்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் முதல் ஸ்கேன் எடுத்த அறையில் ஏசி நடுங்குகிற குளிர். அன்றைக்குக் காலையிலிருந்து சரியாகத் தண்ணீரும் குடிக்கவில்லை, பட்டை கட்டி எடுத்தார்களா என்பதும் நினைவில்லை. இரண்டாவது தடவை மத்தியான நேரம், நல்ல வெயில், கைக்குப் பட்டை கட்டி எடுத்தார்கள். குளிரில் சிரை சுருங்கும், சூட்டில் விரியும். அதனால் 1.8க்கும் 2.4க்கும் உள்ள வித்தியாசத்தில் பந்துக்கு எவ்வளவு பங்கு, வெயிலுக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. சர்ஜனிடம் கேட்டபோது அவரும் மழுப்பவில்லை. ஆபரேஷனுக்கு முன் சில வாரம் கைப்பயிற்சி செய்தால் சிரையின் பருமன் கூடுகிறது என்று பல ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஆனால் எல்லாம் கொஞ்சம் பேரை வைத்துச் செய்த சின்ன ஆராய்ச்சிகள். பருமன் கூடுவதால் ஃபிஸ்டுலா கடைசிவரை நன்றாக ஓடும் என்று அடித்துச் சொல்ல இன்னும் போதுமான ஆதாரம் இல்லை என்றார். "செலவில்லை, ஒழுங்காச் செஞ்சா கெடுதல் இல்லை, அதனால எல்லாருக்கும் சொல்றேன்" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

நீங்கள் ஸ்கேனுக்குப் போனால் ஒரு காரியம் செய்யுங்கள். குடிக்க அனுமதித்திருக்கும் அளவுத் தண்ணீரைக் குடித்துவிட்டு, கையைத் துண்டால் போர்த்திச் சூடாக வைத்துக்கொண்டு போங்கள். முதல் ஸ்கேனுக்கும் இரண்டாவதற்கும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். சிறிய குழாய் என்று வந்ததற்குக் குளிர்தான் காரணமாக இருந்து, மணிக்கட்டை விட்டுவிட்டு முழங்கைக்குப் போய்விட்டால் நஷ்டம் நமக்கு.

பயிற்சி எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. எங்கள் யூனிட்டில் பெரியவர் ஒருவர் இருக்கிறார், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னை விட ஒழுங்காகச் செய்தவர் அவர். கடிகாரம் பார்த்து நாலு வேளை. ஆனால் அவருக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது இரண்டு கையிலும் மாற்றி மாற்றி ஊசி போட்டிருக்கிறார்கள். முன்கைச் சிரை பல இடத்தில் கயிறு மாதிரி கெட்டியாகிவிட்டது. தழும்பான குழாய் பந்து பிசைந்தால் விரியாது. அவருக்குக் கடைசியில் முழங்கைக்கு மேலேதான் செய்தார்கள், இப்போது நன்றாகவே ஓடுகிறது. நான் பந்தை விட வென்ஃப்ளானைப் பற்றி அதிகம் பேசுவது இதனால்தான்.

ஏற்கெனவே கழுத்தில் குழாயோடு டயாலிசிஸில் இருப்பவர்கள், "எங்களுக்கு லேட் ஆகிவிட்டதே" என்று விட்டுவிட வேண்டாம். அவர்களும் செய்யலாம். டயாலிசிஸ் ஓடும்போதே ஃபிஸ்டுலாவுக்கான கையில் பந்து பிசையலாம், நாலு மணி நேரம் சும்மாதானே படுத்திருக்கிறோம். ஆனால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். நேரம் போகப் போக உடம்பிலிருந்து தண்ணீர் எடுத்துவிடுவதால் பிபி இறங்கும், அப்போது எந்தப் பயிற்சியும் வேண்டாம். குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது, அந்தப் பக்கக் கை வீங்குகிறதா என்பதைச் சர்ஜனிடம் சொல்ல வேண்டும். காறை எலும்புக்குக் கீழே (கழுத்துக்கு அடியில் குறுக்கே இருக்கும் எலும்பு) குழாய் போட்டிருந்தால் உள்ளே பெரிய சிரை சுருங்கியிருக்க வாய்ப்பு உண்டு. அந்தப் பக்கக் கையில் ஃபிஸ்டுலா போட்டால் கை வீங்கிப் போகலாம்.

ஆபரேஷனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கையை மட்டும் மரக்க வைத்துச் செய்தார்கள், ஒன்றரை மணி நேரம் போல ஆனது, மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எதற்கெல்லாம் பணம் கட்ட வேண்டியதில்லை என்பதை, தேதி குறிப்பதற்கு முன்பே மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டுக் கவுன்டரில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்ததும், கட்டுக்குப் பக்கத்தில் மெதுவாக வலது கையை வைத்துப் பார்க்கச் சொன்னார் சர்ஜன். தையல் மெஷின் மோட்டார் ஓடும்போது மேசையில் கை வைத்தால் ஒரு அதிர்வு தெரியுமே, அதுதான். த்ரில் என்கிறார்கள். ரத்தம் ஓடுகிறது என்பதற்கு அடையாளம்.

காயம் ஆறும்வரை பந்தைத் தொடக்கூடாது என்று எனக்குச் சொன்னார்கள். தையல் பிரித்த பிறகு மறுபடி ஆரம்பித்தேன். சில சர்ஜன்கள் இன்னும் சீக்கிரமே ஆரம்பிக்கச் சொல்கிறார்கள், உங்களுக்குச் செய்தவர் சொல்வதைக் கேளுங்கள். ஆறு வாரம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்போது ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு 600 மில்லி ஓட்டம், 6 மில்லிமீட்டர் பருமன், தோலிலிருந்து 6 மில்லிமீட்டருக்குள் ஆழம். எனக்கு ஆறு வாரத்தில் அது வரவில்லை, இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் பொறுத்திருந்தோம். அதற்குள் சாப்பாடு பிடிக்காமல், வாந்தி வந்து, டயாலிசிஸ் எப்போது என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனாலும் கழுத்துக் குழாய் இல்லாமல் நேராகக் கையிலேயே ஆரம்பிக்க முடிந்தது. முதல் ஊசி அன்றைக்கு டெக்னீஷியன் தம்பி, "நல்லா இருக்குக்கா குழாய்" என்றபோது எனக்கு வலி பெரிதாகத் தெரியவில்லை.

இப்போது தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன் அந்த அதிர்வைத் தொட்டுப் பார்க்கிறேன். அந்தக் கையில் பிபி பார்க்க விடுவதில்லை, தண்ணீர்க் குடம் தூக்குவதில்லை, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பதில்லை. அதிர்வு நின்றுபோனால், விரல் சில்லிட்டு வலித்தால், ஊசி போட்ட இடம் சிவந்து ஜுரம் வந்தால் அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருக்கக்கூடாது. அதிலும் அதிர்வு நின்றுவிட்டால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. குழாயில் கட்டிய ரத்தத்தைச் சீக்கிரம் போனால்தான் எடுத்துக் காப்பாற்ற முடியும். ராத்திரியானாலும் யூனிட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, சர்ஜன் இருக்கிற இடத்துக்குக் கிளம்பிவிடுங்கள்.